கொச்சி யூதர் கோவிலைப் படம் பிடித்து வைக்க வேண்டும்!

கொச்சி நகரில் மட்டாஞ்சேரி என்று ஒரு பகுதி. அங்கே யூதர் தெருவின் கோடியில் ஒரு பழைய கோவில் இருக்கிறது. பெயர், பரதேசி யூதர் கோவில்.

"பரதேசி" என்றால் பிச்சைக்காரர் அல்ல. வெளிதேசத்தில் இருந்து வந்தவர் என்று பொருள். ஸ்பெயின் முதலிய நாடுகளில் இருந்து பிழைத்து வந்த யூதர்களுக்குக் கொச்சி மன்னர் இடம் கொடுத்தார். 1568-ம் ஆண்டு கோவில் எழுந்தது.

அழகோ அழகு!

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தரை முழுவதும் சீன நாட்டுப் பீங்கான் ஓடுகள். வெள்ளையில் நீல வண்ணம். எல்லாம் கையால் தீட்டியவை. ஒன்றைப் போல மற்றொன்று இல்லை என்பார்கள். மேலே கண்ணாடிச் சரவிளக்குகள். வெளியே மணிக்கூண்டு.

ஆனால், யூதர்கள் கூடித் தொழுவதற்குப் பத்து ஆண்கள் வேண்டும் என்பது அவர்கள் முறை. 1948-ல் இஸ்ரேல் நாடு பிறந்த பிறகு கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் அங்கே போய்விட்டார்கள். இன்று மிஞ்சியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கட்டிடம்தான் நிற்கிறதே!

"கட்டிடம்தான் நிற்கிறதே, படம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம்.

அதே மட்டாஞ்சேரியில் கடவும்பாகம் என்ற யூதர் கோவிலும் இருந்தது. அதுவும் 16-ம் நூற்றாண்டுக் கோவில். ஆட்கள் போன பிறகு அது கிடங்காக மாறியது. உள்ளே இருந்த மரவேலைகள் ஜெருசலேம் பொருட்காட்சி சாலைக்குப் போயின. 2019-ல் பெய்த மழையில் கட்டிடத்தின் முகப்பு இடிந்து விழுந்தது.

போலந்து நாட்டின் கதை இதைவிடக் கொடியது. அங்கே இருந்த அழகிய மரக் கோவில்களை இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் அழித்தார்கள். ஆனால், முன்பே சிலர் அவற்றை அளந்து, படம் பிடித்து வைத்திருந்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்து ஒரு கோவிலின் கூரையை வார்சா நகரில் மறுபடியும் செய்துவிட்டார்கள். 2014 முதல் மக்கள் அதைப் பார்க்கிறார்கள். கறுப்பு வெள்ளைப் படங்களில் நிறம் தெரியவில்லை. ஓர் ஓவியர் தீட்டிய படம் அதற்கு உதவியது.

என்ன செய்யலாம்?

வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் எடுக்கும் படம் போதாது. ஒவ்வோர் ஓட்டையும், விளக்கையும் அளவோடு, நிறத்தோடு படம் பிடிக்க வேண்டும். பிரதிகளைப் பல இடங்களில் வைக்க வேண்டும். தொழும் இடத்தில் காமிரா நுழைவது சரியா என்ற கேள்வி நியாயமானதே. பொறுப்பாளர்களின் அனுமதி பெற்று, தொழுகை இல்லாத நாளில், யார் மனமும் புண்படாமல் செய்யலாம்.

வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களைப் படம் எடுத்து வைக்கிறோம். போன பிறகு எடுக்க முடியுமா? கோவிலுக்கும் அதுதான் நியாயம்.