கைப்பிடி சுத்துற பொடியனுக்கு ஏன் பிரேம் இல்லை?

திமிங்கிலத்தின் வயிற்றில் தொங்குகிற பஸ். சிறகு கட்டிப் பறந்துவந்து நெருப்பணைக்கிற வீரர்கள். கடலுக்கடியில் குரோக்கே விளையாடும் கனவான்கள். 'விண்டேஜ்' எண்ட பேரில் பிரேம் போட்டு விக்கிற இந்தப் படங்களை நீங்களும் கஃபே சுவரிலோ, நண்பரின் அறையிலோ, போனில் வாற விளம்பரத்திலோ கண்டிருப்பீர்கள். பார்க்க வடிவுதான். அதில் எங்களுக்கு ஒரு சண்டையும் இல்லை. எதை விக்கினம், எதை விடுகினம் எண்டதில்தான் சண்டை.

முதலில் விபரம். இது '2000ஆம் ஆண்டில்' என்ற பிரெஞ்சுத் தொடர். ஜான் மார்க் கோத்தே என்பவரும் வேறு சில ஓவியர்களும் வரைந்தது. 1899 முதல் 1910 வரை பல தடவையாக வெளிவந்தது. குறைந்தது 87 அட்டைகள் இருக்கின்றன. முதலில் சுருட்டுப் பெட்டிக்குள் வைக்கிற சின்ன அட்டைகளாகவும், பிறகு தபாலட்டைகளாகவும் வந்தன. 1986இல் ஐசாக் அசிமோவ் இவற்றுக்கு விளக்கம் எழுதிப் புத்தகமாக்கினார். காப்புரிமை எப்பவோ முடிந்துவிட்டது. விக்கிமீடியா கொமன்ஸில் இலவசமாகவே இறக்கலாம். ஆகவே நீங்கள் குடுக்கிற காசு தாளுக்கும் சட்டத்துக்கும்தான்.

இந்தப் படங்களைக் கண்டதும் எல்லாரும் ஒரு விளையாட்டுத் தொடங்குவினம். "இது பலிச்சிட்டுது, இது பலிக்கேல்ல" எண்டு புள்ளி போடுற விளையாட்டு. தரை துடைக்கிற மெசினுக்குச் சரி, திமிங்கில பஸ்ஸுக்குப் பிழை. புள்ளி போடுற அவசரத்தில் படத்துக்குள் இருக்கிற மனுசரை ஒருத்தரும் பார்க்கிறேல்ல.

பள்ளிக்கூடப் படத்தைப் பாருங்கோ. ஆசிரியர் புத்தகங்களை ஒரு அரைவை மெசினுக்குள் போடுகிறார். மெசினில் இருந்து வயர் போய் மாணவர்களின் தலையில் மாட்டியிருக்கிறது. அறிவு நேரே மண்டைக்குள் இறங்குது. ஆனால் அந்த மெசின் தானாக ஓடவில்லை. பக்கத்தில் ஒரு பொடியன் நின்று கைப்பிடியைச் சுத்துகிறான். அவன்ர தலையில் வயர் இல்லை. மற்றப் பிள்ளைகளுக்குப் படிப்பு, அவனுக்கு வேலை.

தரை துடைக்கிற படத்திலும் இதே கதைதான். நூறு வருசம் தள்ளி யோசிச்ச ஓவியர் மின்சாரத் தூரிகையைக் கண்டுபிடித்துவிட்டார். அதை ஓட்டுகிற பணிப்பெண் மட்டும் 1900ஆம் ஆண்டு ஏப்ரனோடு பணிப்பெண்ணாகவே நிற்கிறா. பிரான்ஸில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1944இல். திமிங்கிலத்தில் பஸ் கட்டத் தெரிந்த கற்பனை, நாங்கள் பார்த்த அட்டைகளில் அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை.

"சும்மா ஒரு அலங்காரம்தானே, இதுக்கு ஏன் இவ்வளவு கதை?" எண்டு கேப்பீர்கள். எங்கட பதில் இதுதான்: எதிர்காலத்தை இப்பவும் எங்களுக்கு இதே மாதிரித்தான் விக்கினம். மெசின் முன்னுக்கு, கைப்பிடி சுத்துறவர் சட்டத்துக்கு வெளியில். செயற்கை நுண்ணறிவு 'தானாகவே' பதில் சொல்லுது எண்டுகினம். அதுக்காக நைரோபியில் இருந்த தொழிலாளர்கள் வன்முறையும் பாலியல் கொடுமையும் நிறைந்த எழுத்துகளை நாள் முழுக்க வாசித்துத் தரம் பிரித்தார்கள். மணிக்கு இரண்டு டொலருக்கும் குறைவான சம்பளத்துக்கு அந்த வேலையைச் செய்தவர்களும் இருந்தார்கள் என்பது 2023இல் வெளிவந்தது. விளம்பரத்தில் அவர்களின் முகம் இல்லை.

உண்மையில் அந்தப் பழைய ஓவியர் இந்த விசயத்தில் நேர்மையானவர். கேலியாகவோ வழக்கமாகவோ, பொடியனை மறைக்காமல் வரைந்தார். இண்டைக்கு எதிர்காலம் விக்கிறவை அந்த நேர்மையையும் வெட்டிவிட்டினம்.

படம் வாங்க வேண்டாம் எண்டு நாங்கள் சொல்லேல்ல. வாங்குங்கோ, இல்லாட்டி இறக்கிப் பிரிண்ட் எடுங்கோ. ஆனால் திமிங்கிலத்தை விட்டிட்டுப் பள்ளிக்கூடத்தை மாட்டுங்கோ. கீழே ஆண்டையும் எழுதுங்கோ. வீட்டுக்கு வாறவை "அட, அப்பவே ஒன்லைன் வகுப்பைச் சொல்லிட்டாங்களே!" எண்டு வியந்தால், கைப்பிடியில் நிக்கிற பொடியனைக் காட்டி "இவனுக்கு எப்ப வகுப்பு?" எண்டு கேளுங்கோ.