நாலு ஊசி, நாலு நாள் சம்பளம்

இரண்டாம் ஷிப்ட் முடிந்து வரும் கம்பெனி பஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து ஊர் வரைக்கும் தெருவிளக்கு உண்டு. ஊரைத் தாண்டி நம் குடியிருப்புக்குப் போகிற மிச்ச வழிக்குச் செல்போன் வெளிச்சம்தான். குப்பை மேடு அந்த மிச்ச வழியில்தான் இருக்கும், கோழிக்கடைக் கழிவும் அங்கேதான் வந்து விழும், நாய்களும் அங்கேதான் படுத்திருக்கும். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே ஷிப்டுக்குப் போய் வரும் நம் பிள்ளைகளுக்கு இந்த நடையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நாய் சாதி பார்த்தா கடிக்கிறது, இதை எதற்கு இந்தப் பத்தியில் எழுதுகிறீர்கள் என்று சிலர் கேட்கலாம். நாய் பார்ப்பதில்லை. விளக்குக் கம்பம் எதுவரை நட வேண்டும், குப்பையை எங்கே கொட்ட வேண்டும் என்று முடிவு செய்கிறவர்கள் பார்க்கிறார்கள். தெருவுக்கு விளக்கு போடுவதும், தெருவைக் கூட்டிக் குப்பையை அகற்றுவதும் கிராம ஊராட்சியின் கட்டாயக் கடமைகள் என்று 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 110-வது பிரிவில் சொல்கிறது. ஊர்த்தெருவுக்கு ஒரு கடமை, நம் தெருவுக்கு வேறு கடமை என்று அதில் எழுதவில்லை. ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்றோம். குப்பை மேடு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

கடிபட்டவுடன் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுவோம். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் காயத்தில் வைக்கக் கூடாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். பிறகு நேராக அரசு மருத்துவமனை அல்லது ஆரம்ப சுகாதார நிலையம். அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் ஊசி முறையில் நான்கு முறை போக வேண்டும்: கடிபட்டு முதல் ஊசி போடும் நாள், அதிலிருந்து 3-வது நாள், 7-வது நாள், 28-வது நாள். காசு கிடையாது. ரத்தம் வரும்படி பல் இறங்கியிருந்தால், காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவை. அது உங்கள் சுகாதார நிலையத்தில் இல்லையென்றால் எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று கேட்டு, அன்றைக்கே போய்ச் சேர வேண்டும். ரேபீஸ் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற ஏறக்குறைய வழியே இல்லை. 2024-ல் தமிழ்நாட்டில் சுமார் 4.8 லட்சம் பேர் நாய்க்கடிக்கு ஆளானார்கள். 43 பேர் ரேபீஸால் இறந்தார்கள்.

ஊசி இலவசம்தான், ஆனால் நாள் இலவசம் இல்லை. கான்ட்ராக்டில் வேலை செய்பவருக்கு ஒரு ஷிப்ட் போனால் அன்றைய சம்பளம் போகும், கூடவே அட்டெண்டன்ஸ் போனஸும் போகும். வரிசையாக லீவு கேட்டால் அடுத்த மாதம் கூப்பிடுவார்களோ என்ற பயம் வேறு. அதனால் முதல் ஊசிக்கு ஓடுகிறோம், இரண்டாவதுக்கும் எப்படியோ போகிறோம். அதற்குள் காயம் ஆறிவிடுகிறது. ‘இனி என்ன ஆகப்போகிறது’ என்று மிச்சத்தை விட்டுவிடுகிறோம். பாதியில் நின்ற ஊசியை நம் பிள்ளைகளின் அலட்சியம் என்று வீட்டிலும் திட்டுகிறோம், ஆஸ்பத்திரியிலும் திட்டுகிறார்கள். நம் பார்வையில் அது சம்பளப் பிரச்சினை. நாய்க்கடிக்கு நஷ்டஈடு என்று பேசத் தொடங்கினால் இந்த நாலு நாள் சம்பளத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இதில் தொழிலாளர்களுக்கு உள்ள முதல் வழி ஈ.எஸ்.ஐ. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்கும் யாருக்கும், கான்ட்ராக்ட் ஆளானாலும், கேன்டீனில் பாத்திரம் கழுவுபவரானாலும், வாசலில் செக்யூரிட்டியாக நிற்பவரானாலும் அது உண்டு. சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் கட்ட வேண்டிய பொறுப்பு கம்பெனிக்கு. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நடக்கும் விபத்தை, நேரமும் இடமும் சூழ்நிலையும் வேலையோடு பொருந்தினால், வேலையில் நடந்த விபத்தாகவே கொள்ள வேண்டும் என்று 2010-ல் ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் 51-ஈ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இந்த ஏற்பாடு இருக்கிறது. ஷிப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது கடித்தால் அது இதற்குள் வரும் என்று வாதாட முழு இடம் உண்டு. நாய் குறுக்கே பாய்ந்து பைக் சறுக்கி விழுந்தாலும் அப்படித்தான்.

ஒத்துக்கொள்ளப்பட்டால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். நேற்றுத்தான் வேலையில் சேர்ந்தவருக்கும் கிடைக்கும். ஆனால் ஒரு நிபந்தனை: விபத்து நடந்த நாளைச் சேர்க்காமல் குறைந்தது 3 நாள் வேலை செய்ய முடியாமல் இருந்திருக்க வேண்டும். கெண்டைக்காலில் சதை பிய்ந்து ஒரு வாரம் நடக்க முடியாதவருக்கு இது உதவும். லேசாகக் கடிபட்டு ஊசிக்காக மட்டும் அங்கொரு நாள் இங்கொரு நாள் லீவு போடுகிறவருக்கு உதவாது. இந்த ஓட்டையைத் தொழிற்சங்கங்கள் பேச வேண்டும். ஊசி நாளன்று இரண்டு மணி நேரம் பெர்மிஷன் கொடுப்பதால் எந்த கம்பெனியின் லைனும் நின்றுவிடாது.

வேலைக்குச் சம்பந்தமில்லாமல் கடிபட்டவர் என்ன செய்வது? பள்ளிக்குப் போகும் குழந்தை, கடைக்குப் போன பாட்டி, இவர்களுக்கு யார் பொறுப்பு? தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து தடுப்பூசி போடும் பொறுப்பு உள்ளாட்சி அமைப்பினுடையது என்று 2023-ல் வந்த விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் சொல்கின்றன. பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் 193 மனுக்களைச் சேர்த்து விசாரித்து ஒரு தீர்ப்பு சொன்னது. நாய்க்கடியில் ஒவ்வொரு பல் தடத்துக்கும் குறைந்தது 10,000 ரூபாய்; சதை பிய்ந்திருந்தால் காயத்தின் ஒவ்வொரு 0.2 செ.மீ. அளவுக்கும் குறைந்தது 20,000 ரூபாய். முதலில் கொடுக்க வேண்டியது அரசு. கடமை தவறிய துறையிடமோ நாயை வளர்த்தவரிடமோ அரசு பிறகு வசூலித்துக்கொள்ளலாம். மாவட்டந்தோறும் ஒரு குழு, மனு கொடுத்து நான்கு மாதத்துக்குள் முடிவு. நாலு பல் பதிந்திருந்தால் 40,000 ரூபாய் என்று ஒரு கணக்காவது அங்கே இருக்கிறது. கேரளத்தில் 2016-லேயே உச்ச நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி சிரி ஜெகன் தலைமையில் குழு போட்டு நாய்க்கடி நஷ்டஈட்டு மனுக்களை வாங்க வைத்தது. கர்நாடகம் 2025-ல் நாய்க்கடியால் இறந்தவர் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் என்று அறிவித்தது.

தமிழ்நாட்டிலும் ஒரு விலைப்பட்டியல் இருக்கிறது. தெருநாய் கடித்து மாடு செத்தால் 37,500 ரூபாய், ஆடு செத்தால் 6,000, கோழி செத்தால் 200. மேற்கு மாவட்ட விவசாயிகள் செத்த ஆடுகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிப் போராடி வாங்கியது இது. அவர்கள் வாங்கியது நியாயம்தான், ஆடு வளர்ப்பவர் நம்மிலும் இருக்கிறார்கள். ஆனால் அந்த ஆட்டை ஓட்டிப் போகும் சிறுமியைக் கடித்தால், அவள் குடும்பம் வழக்குப் போட்டுத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. பஞ்சாப் தீர்ப்பு சென்னை உயர் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, எடுத்துக்காட்டலாம், அவ்வளவுதான். அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையை வைத்து ரிட் மனு போடலாம். அந்த வழக்குக்கு முன்னால், நம் மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் அப்படியொரு குழு வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கை. அந்தக் குழுவில் கணக்கிடும்போது பல் தடத்தோடு ஊசிக்குப் போன நாலு நாள் சம்பளத்தையும் சேர்க்க வேண்டும்.

வளர்ப்பு நாய் கடித்தால் விஷயம் வேறு. நாயை ஒழுங்காகக் கட்டி வைக்காமல் அஜாக்கிரதையாக விட்டவர் மீது பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவில் வழக்குப் போடலாம். ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிகிச்சைச் செலவையும் இழந்த வருமானத்தையும் அவரிடம் தனியாகக் கேட்கலாம். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர் நாய்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் குதறின. அந்தக் குழந்தையின் அப்பா அதே பூங்காவின் காவலாளி. நாய்க்காரர் கைதானார். அது சென்னையின் நடுவில் நடந்ததால் அன்றைக்கே செய்தியானது. குவார்ட்டர்ஸ் வாசலிலோ, செங்கல் சூளையிலோ, தோட்டத்து கேட்டிலோ நடப்பது அப்படிச் செய்தியாவதில்லை. ‘ஐநூறு ரூபாய் வாங்கிக்கோ, போலீஸ் எதுக்கு’ என்று அங்கேயே முடித்து அனுப்பிவிடுகிறார்கள்.

தெரிந்தே ஏவி விட்டால் அது அஜாக்கிரதை ஆகாது. விலங்கைக் கொண்டு காயப்படுத்துவது 118-வது பிரிவில் ஆயுதத்தால் காயப்படுத்துவதோடு ஒன்றாகவே வருகிறது. மூன்று ஆண்டு வரை சிறை. நாம் பட்டியல் சாதியினர் என்று தெரிந்தே செய்திருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)(வி.ஏ.) பிரிவும் சேரும், அரசு நிவாரணமும் உண்டு. புகார் எழுதும்போது ‘நாய் கடித்தது’ என்று மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள். யார் ஏவினார், ஏவும்போது என்ன சொன்னார் என்பதையும் அப்படியே எழுத வேண்டும். ஹரியானாவின் மிர்ச்பூரில் 2010 ஏப்ரலில் என்ன நடந்தது என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தெருவில் போன ஆதிக்க சாதி இளைஞர்களைப் பார்த்து ஒரு தலித் வீட்டு நாய் குரைத்தது. அதில் தொடங்கிய தகராறில் வால்மீகி மக்களின் வீடுகளைக் கொளுத்தினார்கள். எழுபது வயது முதியவரும் நடக்க இயலாத அவர் மகளும் வெந்து இறந்தார்கள். 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றம் 12 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. நம் நாய் குரைத்தால் அது குற்றம், அவர்கள் நாய் கடித்தால் அது நம் தலைவிதி என்பதுதான் அந்த மனநிலை.

இவ்வளவு உரிமையும் காகிதம் இருந்தால்தான் நிற்கும். மருத்துவமனையில் ஓ.பி. சீட்டோடு வந்துவிடாமல் விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லி அதன் நகலையும் கேளுங்கள். ஊசி அட்டையைப் பத்திரமாக வையுங்கள். காயத்தைக் கழுவிய பிறகு, பல் தடம் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் திரும்ப வேண்டாம். ஊராட்சிச் செயலரிடம் எழுத்தில் கொடுத்து ஒரு பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபால். கம்பெனி ஹெச்.ஆரிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது, வாட்ஸ்அப்பிலாவது அன்றைக்கே எழுதிப் போடுங்கள். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் யாருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம், வட்ட சட்டப்பணிகள் குழுவுக்கு நேரிலும் போகலாம்.

விடியற்காலையில் குப்பை வண்டி தள்ளும் நம் அக்காக்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாய்கள் குப்பையைக் கிளறும் நேரமும் அவர்கள் குப்பை அள்ளும் நேரமும் ஒன்று. அவர்களுக்கு நடப்பது வேலையில் நடக்கும் விபத்து, அந்த இழப்பீட்டை ஊராட்சி கொடுத்தாக வேண்டும். ‘தினமும் சோறு போடுற நாய்தானே’ என்று சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை இது.

நாய்களைக் கொன்றுவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நம் வாசலில் படுத்து நம் சோற்றைத் தின்று நமக்காகக் குரைக்கும் நாய்களும் அவற்றில் இருக்கின்றன. கருத்தடையும் தடுப்பூசியும் குப்பை லாரியும் வந்தால் பாதிப் பிரச்சினை தீரும். பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம் போன்ற இடங்களில் நாய்களைப் பிடித்து அகற்றி வேலி போட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை உள்ளாட்சி வந்து பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7 அன்று உத்தரவிட்டது. கல்லூரி மாணவர்கள் ஒரு வேலை செய்யலாம். பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் ஊராட்சியிடம் மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள்: கடந்த ஓராண்டில் எத்தனை நாய்களுக்குக் கருத்தடை செய்தீர்கள்? நம் தெருவுக்குக் குப்பை வண்டி வாரத்தில் எத்தனை நாள் வருகிறது? ஆதிதிராவிடர் குடியிருப்புக்குப் போகும் வழியில் எத்தனை விளக்குக் கம்பம், அதில் எத்தனை எரிகிறது? 30 நாளில் பதில் வர வேண்டும். வந்த பதிலோடு ஒரு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போவோம், கடிபட்டவர்களின் ஊசி அட்டைகளையும் எடுத்துக்கொண்டு. இப்போது ஊசி போட்டுக்கொண்டிருப்பவர்கள் 28-வது நாள் எந்த ஷிப்டில் விழுகிறது என்று இன்றைக்கே பார்த்து, சூப்பர்வைசரிடம் சொல்லி வையுங்கள்.