ஜெயில் பயம் போச்சு... குடியுரிமை எப்போ? புதிய குடியேற்றச் சட்டமும் இலங்கைத் தமிழர்களும் - முழு விவரம்

கடலூர் மாவட்டம் விருத்தாசலம் என்றாலே பீங்கான்தான். அகல் விளக்கு, பொம்மை என்று ஊரே செராமிக் தொழிலுக்குப் பேர் போனது. செராமிக் டிப்ளமோ படிக்க அரசு கல்லூரியே இங்கு இருக்கிறது. இதே மாவட்டத்தில் குறிஞ்சிப்பாடி பக்கம் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமும் இருக்கிறது.

அந்த முகாமில் பிறந்து வளர்ந்த ஓர் இளைஞர் விருத்தாசலத்தில் டிப்ளமோ முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உள்ளூர் சூளையில் வேலை பார்க்கலாம். ஆனால், டைல்ஸ் தொழிலுக்குப் பெயர் பெற்ற குஜராத்தின் மோர்பிக்குப் போய்த் தங்கி வேலை பார்க்கணும்னா முகாம் அனுமதி வேண்டும். வளைகுடா நாட்டுக்குப் போகணும்னா இந்திய பாஸ்போர்ட் கிடையாது. அரசு வேலைக்கு விண்ணப்பித்தால் 'குடியுரிமை' என்ற கட்டத்திலேயே பேனா நின்றுவிடும். இத்தனைக்கும் அவர் எந்த எல்லையையும் தாண்டி வந்தவர் இல்லை. பிறந்ததே இங்கேதான்.

2025 செப்டம்பரில் அமலுக்கு வந்த புதிய குடியேற்றச் சட்டம் இவர் வாழ்க்கையில் எதை மாற்றியிருக்கிறது? எதை மாற்றவில்லை?

புதிய சட்டம் என்ன சொல்கிறது?

குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம், 2025. நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்ற, ஏப்ரல் 4-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. 1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளின் நான்கு பழைய சட்டங்களுக்குப் பதில் இனி இந்த ஒரே சட்டம்தான்.

செல்லுபடியாகும் பாஸ்போர்ட், விசா இல்லாமல் இந்தியாவுக்குள் நுழைந்தால் 5 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. போலி ஆவணம் என்றால் 2 முதல் 7 ஆண்டு வரை சிறை. எல்லையில் பிடியை இறுக்கும் சட்டம் இது.

அப்போ முகாம்களில் இருப்பவர்கள் கதி?

சட்டம் அமலுக்கு வந்த கையோடு மத்திய உள்துறை அமைச்சகம் ஒரு விலக்கு ஆணையும் வெளியிட்டது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து, பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மீது பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காக இந்தச் சட்டப் பிரிவுகள் பாயாது.

அது என்ன தேதி? இலங்கையில் மகிந்த ராஜபக்ச தோற்று, மைத்திரிபால சிறிசேன அதிபராகப் பதவியேற்ற நாள் அது.

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு சட்டப்பேரவையில் சொன்ன கணக்குப்படி, 108 முகாம்களில் 58,822 பேரும், முகாமுக்கு வெளியே 34,087 பேரும் வசித்தார்கள். இவர்களில் பலர் படகில் உயிர் தப்பி வந்த குடும்பங்கள். எந்த நேரமும் 'சட்டவிரோதமாக வந்தவர்' என்று வழக்கு வரலாம் என்ற அச்சம் இவர்களுக்கு 40 வருஷமாக இருந்தது. பதிவு செய்தவர்களுக்கு அது இப்போது விலகியிருக்கிறது. இது பெரிய நிம்மதி.

ஆனால், 2022 மார்ச் முதல் இலங்கைப் பொருளாதார நெருக்கடியில் தப்பித்து தனுஷ்கோடி கரையில் வந்து இறங்கியவர்களுக்கு இந்த விலக்கு பொருந்தாது. தேதி தாண்டிவிட்டது.

குடியுரிமை கிடைக்குமா?

இங்குதான் சிக்கல். விலக்கு ஆணை தண்டனையை மட்டுமே நீக்குகிறது, குடியுரிமை தரவில்லை. குடியுரிமைச் சட்டம், 1955 தனிச் சட்டம். உரிய ஆவணம் இல்லாமல் வந்தவர் அந்தச் சட்டத்தின் பார்வையில் 'சட்டவிரோதக் குடியேறி'. அப்படிப்பட்டவர் எத்தனை ஆண்டு இங்கே இருந்தாலும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடியாது.

சரி, இங்கேயே பிறந்தவர்கள்? அதற்கு இரண்டு தேதிகள் முக்கியம்.

* 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர்: பெற்றோர் யாராக இருந்தாலும் இந்தியக் குடிமகன்.
* அதன் பிறகு, 2004 டிசம்பர் 3-க்கு முன் பிறந்தவர்: தாய், தந்தையில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும்.
* 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்: ஒருவர் இந்தியராக இருந்தால் மட்டும் போதாது, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாகவும் இருக்கக் கூடாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அகதிகள் அலை அலையாக வரத் தொடங்கியது 1983 ஜூலை கலவரத்துக்குப் பிறகு. முதல் கதவு மூடியது 1987 ஜூலையில். இடையில் இருந்தது நான்கே வருஷம். அந்த நான்கு வருஷத்தில், 1986-ல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் வழங்க 2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். அதே முகாமில் 1988-ல் இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்தவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

மூன்றாவது விதி இன்னும் சங்கடமானது. முகாம் பெண்ணை உள்ளூர்க்காரர் திருமணம் செய்து, 2010-ல் குழந்தை பிறந்தால், அப்பா இந்தியர் என்றாலும் அம்மாவின் நிலையால் குழந்தையின் குடியுரிமை கேள்விக்குறிதான்.

சிஏஏ கைகொடுக்காதா?

கொடுக்காது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளின் ஆறு மதச் சிறுபான்மையினர்தான் வருகிறார்கள். இலங்கை இல்லை. இதைச் சுட்டிக்காட்டியே தமிழ்நாடு சட்டப்பேரவை 2021 செப்டம்பர் 8-ல் அந்தச் சட்டத்தை எதிர்த்துத் தீர்மானம் போட்டது.

ஆனால் அந்தச் சட்டம் வந்த பாதையைக் கவனிக்க வேண்டும். 2015 செப்டம்பரில் பாகிஸ்தான், வங்கதேசச் சிறுபான்மையினருக்கு இதே மாதிரி ஒரு விலக்குதான் முதலில் வந்தது. அடுத்த ஆண்டு ஆப்கானிஸ்தானும் சேர்ந்தது. 2019-ல் அந்த விலக்கு பெற்றவர்களை 'சட்டவிரோதக் குடியேறி' என்று கருதக் கூடாது என நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. முதலில் விலக்கு, பிறகு குடியுரிமை.

இலங்கைத் தமிழர்களுக்கு இப்போது முதல் படி கிடைத்திருக்கிறது. இரண்டாவது படிக்கு மீண்டும் நாடாளுமன்றம்தான் சட்டத்தைத் திருத்த வேண்டும். மாநில அரசு வீடு கட்டித் தரலாம், உதவித்தொகை தரலாம். குடியுரிமை முழுக்க மத்திய அரசின் கையில்.

எதிர்வாதம் என்ன?

நாட்டுக்குள் யார் வரலாம், யார் தங்கலாம் என்பதை முடிவு செய்வது இறையாண்மை உரிமை என்பது மத்திய அரசின் நிலை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவும் இல்லை. 2025 மே மாதம், உபா வழக்கில் தண்டனை பெற்ற ஓர் இலங்கைத் தமிழர் தன்னை நாடு கடத்தக் கூடாது என்று கேட்டபோது, உலகம் முழுவதிலும் இருந்து வரும் அகதிகளைத் தங்க வைக்க இந்தியா தர்ம சத்திரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் வாய்மொழியாகக் கருத்து சொன்னது. இங்கே குடியமரும் உரிமை குடிமக்களுக்கு மட்டுமே என்றும் நீதிபதிகள் குறிப்பிட்டார்கள்.

போர் 2009-லேயே முடிந்துவிட்டது, திரும்பிப் போகலாமே என்ற கேள்வியும் உண்டு. போக விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அதே 2025 மே மாதம், ஐ.நா. அகதிகள் அமைப்பின் உதவியோடு ஊர் திரும்பிய ஒரு முதியவர், முன்பு உரிய ஆவணம் இல்லாமல் இலங்கையை விட்டு வெளியேறினார் என்று பலாலி விமான நிலையத்திலேயே கைது செய்யப்பட்டார். திரும்பிப் போக நினைத்த பல குடும்பங்களை இது யோசிக்க வைத்தது.

இனி கவனிக்க வேண்டியது என்ன?

மூன்று விஷயங்கள். ஒன்று, குடியுரிமைச் சட்டத்தின் 'சட்டவிரோதக் குடியேறி' வரையறையிலிருந்து இலங்கைத் தமிழர்களை விடுவிக்கும் திருத்தம் வருமா? இரண்டு, 2015 ஜனவரி 9 என்ற தேதி தள்ளி வைக்கப்படுமா? மூன்று, இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தனி விதி வருமா?

விருத்தாசலத்தில் டிப்ளமோ முடிக்கும் அந்த இளைஞருக்கு மூன்றாவது கேள்விதான் முக்கியம். அதற்குப் பதில் வரும்வரை அவருக்கு வழக்கு பயம் இருக்காது. ஆனால் பாஸ்போர்ட்டும் இருக்காது, ஓட்டும் இருக்காது.