ஓடுகிற வண்டியெல்லாம் நல்ல வண்டி இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். யாரையும் புண்படுத்த எழுதவில்லை. ஆனால் சிலருக்குச் சுருக்கென்று இருக்கும். இருக்கட்டும்.

போன வாரம் என் காரின் முன்பக்க லோயர் ஆர்ம் இரண்டையும் மாற்றினேன். பில்லைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டது என் தப்பு. தங்கை மகன் உடனே எழுதினான்: "மாமா, பதிமூணு வருஷ வண்டி. ஓடுற வரைக்கும் ஓட்டிட்டு வித்துத் தள்ளுங்க. மெக்கானிக் உங்க தலையில மிளகாய் அரைச்சுட்டான்." அதற்குப் பதினொரு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். அந்தப் பதினொரு பேருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

முதலில் லோயர் ஆர்ம் என்றால் என்ன? உங்கள் தோளையும் சக்கரத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். முன்சக்கரத்தை வண்டியின் உடம்போடு பிடித்திருக்கும் இரும்புக் கை அது. உடம்புப் பக்கம் ரப்பர் புஷ் இருக்கும். பள்ளத்தில் விழும் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். சக்கரப் பக்கம் பால் ஜாயின்ட் என்ற உருண்டை மூட்டு இருக்கும். நம் தோள் மூட்டு மாதிரியேதான். சக்கரம் மேலும் கீழும் ஏறி இறங்கலாம், இடம் வலம் திரும்பலாம். ஆனால் முன்னும் பின்னும் இஷ்டத்துக்கு நகரக் கூடாது. அதைத் தடுப்பது இந்தக் கைதான்.

ரப்பர் கிழிந்துபோனால் கை ஆடும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது 'கடக் கடக்' என்று சத்தம் வரும். ஸ்டியரிங் நேராக நிற்காது. டயர் ஒரு ஓரமாகத் தேயும். பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

இத்தனையும் என் வண்டியில் இருந்தது. ஆறு மாதம் நான் என்ன செய்தேன்? ரேடியோ சத்தத்தைக் கூட்டி வைத்தேன். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக் கொடுத்தவன் செய்த காரியம் இது.

வண்டி இழுக்கிறது என்று மூன்று முறை வீல் அலைன்மென்ட் பார்த்தேன். தலைக்கு 450 ரூபாய், ஆக 1,350. டயர் தேய்ந்தது என்று இரண்டு டயர் மாற்றினேன், 6,800. மொத்தம் 8,150 ரூபாய். இழுப்பு போகவில்லை. கை ஆடிக்கொண்டிருக்கும்போது கோணத்தைச் சரிசெய்து என்ன பயன்? ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து கோடு போடுகிற மாதிரிதான்.

இப்போது ஆன செலவைப் பாருங்கள். ஆர்ம் இரண்டு 3,800, புது போல்ட் நட்டுகள் 250, கூலி 1,200, கடைசியில் அலைன்மென்ட் 450. மொத்தம் 5,700. நோயைப் பார்க்காமல் 8,150 செலவழித்தபோது குழுவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நோயைத் தீர்க்க 5,700 கொடுத்தால் நான் ஏமாளி! கணக்கு எனக்குப் புரியவில்லை, நீங்களே சொல்லுங்கள்.

மெக்கானிக் ஏமாற்றினான் என்கிறீர்கள். அவன் என் பழைய மாணவன். நான் அவன் பேச்சை நம்பி மாற்றவில்லை. வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னான். கடப்பாரை போன்ற ஒரு கம்பியைப் புஷ்ஷுக்குப் பக்கத்தில் கொடுத்து நெம்பினான். ரப்பர் கிழிந்து கை தனியாக நகர்ந்தது. பிறகு சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினான். உருண்டை மூட்டும் லொடலொடத்தது. "பேரிங் தேஞ்சாலும் சக்கரம் ஆடும் சார், அதான் நான் ஆட்டும்போது நீங்க மூட்டைப் பாருங்க" என்றான். ஆறாம் வகுப்பில் நெம்புகோலைக் கரும்பலகையில் படமாகத்தான் போட்டேன். அவன் அதைக் கையில் வைத்து எனக்கே பாடம் நடத்தினான்.

சிலர் "புஷ் மட்டும் போட்டிருந்தால் சில நூறு ரூபாயில் முடிந்திருக்கும்" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆர்ம் வளையாமல், பால் ஜாயின்ட் நன்றாக இருந்தால், பிரஸ் வைத்து ஒழுங்காகப் புஷ் மட்டும் ஏற்றலாம், தப்பில்லை. என் வண்டியில் மூட்டும் போயிருந்தது. ஒரு முனை கிழிசல், மறுமுனை லொடலொடப்பு. இதில் எதை மிச்சம் பிடிப்பது?

இன்னொன்றும் கவனித்தேன். ஆர்ம் மாட்டியதும் புஷ் போல்ட்டை அவன் இறுக்கவில்லை. வண்டியைத் தரையில் இறக்கி, எடை சக்கரத்தின்மேல் வந்த பிறகுதான் இறுக்கினான். சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழியுமாம். "அவசரப்பட்டு ஆறு மாசத்துல திரும்ப வர்ற வேலை எனக்கு வேணாம் சார்" என்றான். இவனையா மிளகாய் அரைக்கிறவன் என்கிறீர்கள்? மலிவாகப் போடு, சீக்கிரம் முடி என்று கடை வாசலில் நின்று விரட்டுகிறோமே, நாம்தான் போலிப் பொருளுக்கும் அரைகுறை வேலைக்கும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறவர்கள்.

"வித்துத் தள்ளுங்க" என்ற வார்த்தைதான் என்னை அதிகம் உறுத்தியது. தெரிந்தே பழுதை மறைத்து இன்னொருவர் தலையில் கட்டுவதா? வாங்குகிறவருக்கும் பிள்ளை குட்டி இருக்குமே.

மூட்டு கழன்றால் சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். அப்புறம் ஸ்டியரிங் கையில் இருந்தும் இல்லாத மாதிரிதான். தேய்ந்த மூட்டெல்லாம் நாளைக்கே கழலும் என்று பயமுறுத்தவில்லை. எது எப்போது கழலும் என்று யாருக்கும் தெரியாது, அதைத்தான் சொல்கிறேன். நான் கண்விழித்தது எப்படித் தெரியுமா? ஒரு தொடக்கப் பள்ளி வாசலில் பிரேக்கை மிதித்தேன். வண்டி இடப்பக்கம் இழுத்தது. சைக்கிளில் போன பையனுக்கும் என் வண்டிக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்தது. அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

2012 ஜூலையில் தாம்பரம் அருகே, பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு சின்னக் குழந்தை இறந்தது நினைவிருக்கிறதா? அதற்குப் பிறகுதான் பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. பள்ளி திறக்கும் முன் வரிசையாக நிறுத்தி ஆய்வு செய்கிறார்கள். நம் சொந்தக் காருக்கு? பதிவு 15 ஆண்டு. அதுவரை அடியில் குனிந்து பார்க்க எந்த அதிகாரியும் வரமாட்டார். நாம்தான் பார்க்க வேண்டும்.

என் அப்பா சந்தைக்கு மாட்டுவண்டி கட்டும்போதெல்லாம் கடையாணியைத் தொட்டுப் பார்க்காமல் ஏறமாட்டார். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார். பள்ளிக்கூடம் போகாத மனிதர். நாம் படித்தவர்கள், ரேடியோ சத்தத்தைக் கூட்டுகிறோம்.

ஆகவே மாணவர்களே, சத்தம் கேட்டால் வண்டியைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரையும் அடியில் படுக்க விடாதீர்கள். ஒரு பக்கம் போயிருந்தால் மறுபக்கத்தையும் பாருங்கள். முதலில் ஆர்ம், பிறகு அலைன்மென்ட், தேவைப்பட்டால் கடைசியாக டயர்.

தங்கை மகனே, உனக்கு ஒரு வார்த்தை. போன பொங்கலுக்கு உன் வண்டியில் வந்தேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் அதே 'கடக்' சத்தம். பின்சீட்டில் உன் பிள்ளைகள் இரண்டு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கே சொல்லாமல் விட்டது என் தப்பு. ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு வா. கூலி நான் கொடுக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்