சட்டகத்துக்குள் கடகடக்கும் கேபிள்

ரோடு பைக் வைத்திருக்கும் ஆய்வாளர் நண்பர்கள் இருவர் அண்மையில் ஒரே குறையைச் சொன்னார்கள். வேகத்தடையைக் கடக்கும்போதெல்லாம் ஃபிரேமுக்குள் ஏதோ கடகடக்கிறதாம். கடையில் கிடைத்த விடையும் ஒன்றே: உள்ளே ஓடும் கேபிள்தான், பழகிவிடும். இந்த விடையை ஏற்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

கேபிளை உட்புறம் ஓட்டுவதற்குச் சொல்லப்படும் முதற்காரணம் காற்றுத்தடை. அது வேகத்தின் இருமடிக்கேற்ப உயர்வது. மணிக்கு 40 கிலோமீட்டரில் விரையும் பந்தய வீரர் எதிர்கொள்ளும் தடையில் கால் பங்கைத்தான் 20 கிலோமீட்டரில் விடுதியிலிருந்து நூலகம் செல்பவர் எதிர்கொள்கிறார். அதிலும் கேபிளின் பங்கு மிகச் சிறிது. ஆக, நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் தோற்றப்பொலிவே. அதற்கு ஈடாக, 4 அல்லது 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள கேபிள் உறையொன்று அகன்ற வெற்றுக்குழாயின் சுவரில் மோதிக்கொண்டே வருகிறது. கார்பன் ஃபிரேமாக இருந்தால் அது பறைபோல் அதிரும். நன்கு வடிவமைத்த ஃபிரேம்களுக்குள் வழிகாட்டும் சிறுகுழாய் இருக்கும். மற்றவற்றில் நுழைய ஒரு துளை, வெளியேற ஒரு துளை, அவ்வளவே.

இது எரிச்சல் மட்டுமன்று. ஓட்டுபவரின் முதற்கருவி செவி. தளர்ந்த ஹெட்செட்டும் கழலும் போல்ட்டும் முதலில் ஓசையாகவே தம்மை அறிவிக்கின்றன. எப்போதும் கடகடக்கும் வண்டியில் அந்த அறிவிப்பு அமிழ்ந்துபோகிறது.

இங்கே மொழியியல் படித்தவளாக ஓர் இடைக்குறிப்பு. எம். பி. எமனோ 1969இல் ஒலிக்குறிப்புச் சொற்களை இந்திய மொழிப்பரப்பின் பொதுக்கூறாக ஆராய்ந்தார். தமிழின் ‘கடகட’வும் இந்தியின் ‘கட்-கட்’டும் பழுதுபார்ப்பவரிடம் உண்மையிலேயே பயன்படுபவை. ‘சத்தம் வருகிறது’ என்றால் அவர் தலையாட்டுவார். குழிகளில் மட்டும் கடகட, மிதிக்கும் ஒவ்வொரு சுற்றிலும் டக், பிரேக் பிடித்தால் கிரீச் என்று பிரித்துச் சொன்னால் எங்கே தேடுவதென்று அவருக்குப் புரியும்.

கேபிள்தானா என்று அறிவது எளிது. முன்சக்கரத்தை இரண்டு விரற்கடை உயர்த்தி விடுங்கள். பிறகு நுழைதுளையருகே ஒவ்வொரு கேபிளையும் இறுகப் பிடித்துக்கொண்டு மீண்டும் விடுங்கள். எதைப் பிடிக்கும்போது ஓசை அடங்குகிறதோ அதுவே காரணம். தேவைக்கு மிஞ்சிய நீளம் உள்ளே தொங்கினால் சற்று வெளியே இழுப்பதே போதுமானதாகலாம். ஹேண்டில் இருபுறமும் முழுதாகத் திரும்புகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதுவும் போதாதெனில், நீர் உறிஞ்சாத மெல்லிய ஃபோம் குழாயை உறையின்மேல் மாட்டுவதே சிறந்த தீர்வு. உறையை உருவும்போது உட்கம்பியையோ கட்டிய நூலையோ உள்ளேயே விட்டுவையுங்கள். இல்லையேல் திரும்ப நுழைக்க ஒரு பகல் போய்விடும். ஃபோம் கிடைக்காத ஊரில் கேபிள் டை உதவும். மூன்று டைகளை மூன்று திசை நோக்கி மாட்டி, வால்களை முழுதும் நறுக்காமல் விட்டால் அவை மீசைபோல் சுவரைத் தொட்டு உறையை நடுவில் நிறுத்தும். மலிவான வழிதான், ஆனால் பின்னாளில் உருவும்போது சிக்கும். நான் ஃபோமையே விரும்புவேன். உறையின்றி வெறுங்கம்பி ஓடும் ஃபிரேமில் இவை இரண்டும் ஆகா. கம்பியின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் போடவேண்டும். ஹைட்ராலிக் பிரேக் என்றால் குழாயைக் கழற்றியபின் எண்ணெயிலுள்ள காற்றை நீக்கவேண்டிவரும்; அடுத்த பராமரிப்புவரை காத்திருந்து அப்போதே ஃபோமும் போடச்சொல்லலாம்.

புதிய வண்டியைப் பூட்டும்போது கேபிளோடு ஃபோமையும் மாட்டுவது சில நிமிட வேலை. அதைச் செய்யாமல் விற்றுவிட்டு ‘பழகிவிடும்’ என்பது வாங்குபவரின் காதைக் குறைகூறுவதாகும். ஹெட்செட் வழியாகவே எல்லாக் கேபிள்களையும் மறைக்கும் புதிய வடிவங்களில் பலவற்றில் மேல் பேரிங்கை மாற்றப் பிரேக் குழாயையே கழற்றவேண்டும். உதவித்தொகையில் வாழ்பவர்கள் அந்தக் கூலியையும் விலையோடு கூட்டிப்பார்க்கட்டும். வாங்கப் போகிறவர்கள் பில் போடுமுன் முன்சக்கரத்தை ஒருமுறை தூக்கி விட்டுப் பாருங்கள்.