இறங்குமுன் ஏற்றத்தை எண்ணுக

அமெரிக்காவில் பணிபுரியும் மக்களைக் காணச் செல்லும் பெற்றோர் நம் பங்குகளில் இன்று அரியரல்லர். மகளின் பிரசவத்திற்கென்றோ, பேரக் குழந்தையின் ஞானஸ்நானத்திற்கென்றோ கடல் கடந்து செல்லும் இவர்களை, கோடை விடுமுறையில் எங்கேனும் அழைத்துச் சென்று மகிழ்விக்கப் பிள்ளைகள் விழைவது இயல்பே. அவ்வாறு செல்லும் இடங்களுள் ஒன்று அரிசோனா மாநிலத்தின் கிராண்ட் கேன்யன் என்னும் பெரும் பள்ளத்தாக்கு. “சுவாமி, அங்கே போகலாமா? எங்கள் வயதுக்கு ஒத்துவருமா?” எனப் புறப்படுமுன் நம்மிடம் கேட்போர் உளர். தாராளமாகப் போகலாம். ஆயினும் போகும் முன் குடும்பத்தார் அனைவரும் கூடியமர்ந்து பேச வேண்டியவை சில உண்டு. அவற்றை இம்மாதம் எழுதுகிறோம்.

கொலராடோ ஆறு பாலைநிலப் பாறைகளை அறுத்து உண்டாக்கிய இப்பள்ளத்தாக்கின் நீளம் 446 கிலோமீட்டர். மிக அகன்ற இடத்தில் அகலம் 29 கிலோமீட்டர். ஆழம் ஏறக்குறைய 1.6 கிலோமீட்டர். 1919ஆம் ஆண்டில் இது தேசியப் பூங்காவாக்கப்பட்டது. பயணிகள் பெரும்பாலும் சென்று நிற்குமிடம் தென் விளிம்பு. அது கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், அதாவது நம் கொடைக்கானலின் உயரத்தில் உள்ளது. ஆகவே கோடையிலும் அங்கே இதமான காற்று வீசும்; பைன் மரங்களின் நிழலும் உண்டு.

இந்த இதமே மனிதரை ஏமாற்றுகிறது. மலைக்குச் செல்பவன் முதலில் ஏறுகிறான், களைத்தால் திரும்புகிறான், திரும்பும் வழி இறக்கமாதலால் கால்கள் தாமே அவனைக் கொண்டுவந்து சேர்க்கும். பள்ளத்தாக்கிலோ எல்லாம் தலைகீழ். விடியற்காலைக் குளிரில், புதிய கால்களோடு, சிரித்துப் பேசிக்கொண்டே இறங்குகிறோம். இறங்க இறங்க வெப்பம் ஏறுகிறது. ஜூலை மாதத்தில் மேலே பகல் வெப்பம் 29 பாகை அளவில் இருக்க, ஆற்றங்கரையில் அது 40 பாகையைத் தாண்டிவிடும். களைப்பு தோன்றும் நேரத்தில் ஏற்றம் முழுவதும் எஞ்சி நிற்கும். உச்சி வெயிலும் தொடங்கியிருக்கும். இறங்கிய நேரத்தைப்போல் இரு மடங்கு நேரம் ஏறுவதற்கு வேண்டும் என்பது பூங்காக் காவலர்கள் கூறும் கணக்கு.

கண்ணும் அங்கே பொய் சொல்லும். 1540ஆம் ஆண்டில் கார்தெனாஸ் என்னும் இஸ்பானியத் தலைவர், ஹோப்பி மக்கள் வழிகாட்ட, இவ்விளிம்பில் வந்து நின்றார். கீழே ஓடிய ஆறு அவர்தம் வீரர்களுக்கு ஒரு பாகம் அகலமுள்ள ஓடையாகவே தோன்றியது. அவர்களுள் சுறுசுறுப்பான மூவர் இறங்கினர். மாலை நான்கு மணியளவில் திரும்பி வந்து, மூன்றில் ஒரு பங்கு தொலைவே செல்ல முடிந்தது என்றனர். மேலிருந்து பார்க்கையில் ஆள் உயரமே தோன்றிய பாறைகள், அருகில் சென்றபோது செவில் மாநகரப் பேராலயத்தின் கோபுரத்தினும் உயர்ந்து நின்றனவாம்! கண்ணெதிரே ஒரு பேராறு ஓடிக்கொண்டிருக்க, குடிநீர் கிடையாமல் அப்படை திரும்பியது. 480 ஆண்டுகளுக்குப் பின்னரும் நம் கண்களின் நிலை அதுவே. “இதோ, ஆறு தெரிகிறதே, போய்த் தொட்டுவிட்டு வருவோம்” என்று கூறாத இளைஞர் யார்? ஒரே பகலில் ஆற்றுக்கு இறங்கி ஏற முயலற்க எனப் பூங்கா நிர்வாகம் வெளிப்படையாகவே எச்சரிக்கின்றது. கட்டுடல் வாய்ந்த இளைஞன் ஒருவனின் படத்தைப் போட்டு, மீட்கப்படுவோரில் மிகப் பலர் இவனைப் போன்றோரே என்று பலகையும் வைத்தது.

இளைஞரைப் பற்றி இவ்வளவு போதும். நம் கவலை பெற்றோரைப் பற்றியது. நம் பெரியவர்கள் வாய் திறந்து “முடியவில்லை” என்று சொல்வதில்லை. “பிள்ளை இவ்வளவு செலவழித்து அழைத்து வந்திருக்கிறானே, அவன் மனம் வாடுமே” என்றெண்ணி, முழங்கால் வலியையும் நெஞ்சுப் படபடப்பையும் மறைத்துக்கொண்டு பின்னால் நடப்பார்கள். வீட்டில் இப்பொறுமை அழகுதான். நிழலற்ற பாறைச் சரிவில் அது உயிருக்கே உலையாகலாம். ஆகவே மகனே, மகளே, நீங்கள்தாம் முன்கூட்டியே கேட்க வேண்டும். அதுவும் விளிம்பில் நின்று பலர் முன்னிலையில் கேளாமல், வீட்டிலே, உணவு மேசையில் கேளுங்கள். அம்மா எவ்வளவு தூரம் நடப்பார்கள்? அப்பாவின் இரத்த அழுத்த மாத்திரை உடலின் நீரைக் குறைக்கும் வகையைச் சேர்ந்ததா? மருத்துவரைக் கேட்டாயிற்றா? யார் இறங்குவது, யார் மேலேயே இருப்பது, இறங்குவோர் எத்தனை மணிக்குத் திரும்புவது என்பனவற்றை அன்றே முடிவு செய்துவிடுங்கள். மேலே இருப்பது தோல்வியன்று என்று அவர்கள் நம்பும்படி சொல்லுங்கள். மகன் திரும்பி வரும்வரை தாய் பாதையையே பார்த்துக்கொண்டிருப்பாள். சொன்ன நேரத்திற்கு வந்து சேருங்கள்.

இறங்கியே தீருவோம் என்போர்க்குப் பிரைட் ஏஞ்சல் பாதை ஏற்றது. (ஒளிமிகு வானதூதர் என்பது பொருள், 1869இல் இவ்வாற்றில் படகில் சென்ற பவல் என்னும் ஆய்வாளர், தெளிந்த ஓடையொன்றுக்கு இட்ட பெயர் அது.) முதல் தங்கு நிழல் 2.4 கிலோமீட்டரில் உள்ளது. அங்கிருந்து திரும்புவதே முதன்முறை செல்வோர்க்குப் போதுமானது. காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை வெயிலில் ஏறுதல் கூடாது. கையிலுள்ள நீரில் மூன்றில் ஒரு பங்கை இறங்கும்போது பருகி, இரண்டு பங்கை ஏறுவதற்கென வைத்துக்கொள்க. வெறும் நீரையே அளவின்றிக் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்திலுள்ள உப்பு நீர்த்து, மயக்கமும் அதனினும் கொடியதும் நேரும். எனவே உப்புள்ள தின்பண்டம் உடனிருக்க வேண்டும். அம்மா பெட்டியில் கட்டிக் கொண்டுவந்த முறுக்கை அமெரிக்கப் பேரன் கேலி செய்வானாயின், அங்கே அதன் அருமை அவனுக்கு விளங்கும்.

பாதையிலே குழாய் இருக்கும் என்று நம்பிச் செல்லற்க. வட விளிம்பின் கீழுள்ள ஊற்றிலிருந்து பள்ளத்தாக்கைக் கடந்து நீர் கொண்டுவரும் குழாய் 1960களில் இடப்பட்டது, அடிக்கடி உடைகிறது. 2024 ஆகஸ்டு இறுதியில் பல இடங்களில் உடைந்தமையால், தென் விளிம்பு விடுதிகளில் இராத் தங்கலையே நிறுத்த நேர்ந்தது. புறப்படும் நாளன்று பூங்காவின் அறிவிப்பைப் பாருங்கள்.

மேலே இருப்போர்க்கு இழப்பு ஒன்றுமில்லை. விளிம்போரமாகச் சமதளப் பாதை உண்டு. கட்டணமில்லாப் பேருந்தும் உண்டு. அப்பாதையில் ‘காலத்தின் தடம்’ என்று ஒரு பகுதியை 2010இல் அமைத்தனர். ஒரு மீட்டர் நடந்தால் பத்து இலட்சம் ஆண்டு கடந்ததாகக் கணக்கு. அந்தந்த வயதுக்குரிய பாறையை ஆங்காங்கே தொட்டுப் பார்க்க வைத்திருக்கின்றனர். நாம் நிற்கும் மேற்பாறை 27 கோடி ஆண்டு முதியது. ஆற்றங்கரைக் கரும்பாறையோ சுமார் 170 கோடி. அக்கரும்பாறைக்குப் பெயர் என்ன தெரியுமா? விஷ்ணு! எதிரே தனித்து நிற்கும் சிகரங்களுக்கு விஷ்ணு கோயில், சிவன் கோயில் என்று பெயரிட்டவர் கிளாரன்ஸ் டட்டன் என்னும் அமெரிக்க நிலவியலார். பாறையின் பெயரும் அச்சிகரத்தினின்று வந்ததே. அந்தி வெயிலில் அச்சிகரங்களைக் காணும் நம்மவர், கீழ்த்திசைக் கோயில்கள் அவர் நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை என்பர். தடுப்புச் சுவர் எல்லா இடத்திலும் இல்லை. படம் எடுக்கப் பின்னோக்கி நடக்கும் பழக்கத்தை மட்டும் விட்டொழிக்க வேண்டும்.

ஏற்பாட்டில் இன்னும் சில. கண்ணாடித் தரைப் பாலத்தைப் படத்தில் பார்த்துவிட்டு அதனைத் தேடுவோர் பலர். 2007இல் திறக்கப்பட்ட அப்பாலம் தேசியப் பூங்காவில் இல்லை. ஹுவாலபாய் மக்களின் நிலத்தில், தென் விளிம்பிலிருந்து நான்கு மணி நேரத்திற்கும் மேற்பட்ட கார்ப் பயணத் தொலைவில் உள்ளது. வட விளிம்போ குளிர்காலத்தில் மூடப்படும். அங்கிருந்த பழைய விடுதியும் 2025 ஜூலைக் காட்டுத்தீயில் எரிந்துபோயிற்று. 2026 சனவரி முதல், அந்நாட்டில் வசியாத பயணிகளிடம் வழக்கமான நுழைவுக் கட்டணத்திற்கு மேல் ஆளுக்கு 100 டாலர் விதித்திருக்கின்றனர். சுற்றுலா விசாவில் செல்லும் பெற்றோர் இருவருக்கும் இது பொருந்துமாதலால், வாயிலில் திகைக்காமல் முன்னரே கணக்கில் சேர்த்துக்கொள்க.

ஞாயிறன்று அங்கிருப்போர்க்குப் பூங்காவின் ஊருக்குள்ளேயே கிறிஸ்து அரசர் பெயரால் நம் ஆலயம் ஒன்று உண்டு. பூசை நேரத்தை முன்னரே கேட்டறிக. கிழக்கு வாயில் வழியாக வருவோர் நவாஹோ மக்களின் நிலத்தைக் கடந்து வருவர். கோடையில் அங்கே கடிகாரம் பூங்காவைவிட ஒரு மணி நேரம் முன்னே ஓடும். வாயிலுக்குள் நுழைந்ததும் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளுங்கள்.