வளைவைப் பார்க்காதீங்க, போர் தண்ணியைப் பாருங்க!

கேம்பஸ் இன்டர்வியூவில் ஆஃபர் லெட்டர் வந்த வாரமே நம்ம வீடுகள்ல ஒரு பேச்சு கிளம்பும்: "பள்ளிகொண்டா பக்கம் ஹைவே ஓரமா ஒரு மனை போட்டு வைப்போம்ப்பா, நாளைக்கு விலை ஏறும்." ஞாயிற்றுக்கிழமை ஆனா இலவச வேன், கலர் கொடி, பெரிய வளைவு, மதியம் பிரியாணி. நண்பர்களே, வேன் ஏறுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுடுங்க. அந்த மனைக்கு இ.எம்.ஐ. கட்டப்போறது நீங்கதான்.

மனையே வாங்காதீங்கன்னு நான் சொல்லலை. சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை, ஒரு பக்கம் வேலூர், மறுபக்கம் ஆம்பூர். நல்ல இடம்தான். ஆனா நம்ம பகுதியில் பத்திரத்தைப் பார்க்கிற அளவுக்குத் தண்ணியையும் பார்க்காம அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. இதுதான் என் கருத்து.

பாலாறு வாணியம்பாடி, ஆம்பூர் தாண்டித்தான் பள்ளிகொண்டாவுக்கு வருது. தோல் தொழில் மேலே, நாம கீழே. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பிலேயே, தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுசாவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமப் போச்சுன்னு ஒரு மதிப்பீடு பதிவாகியிருக்கு. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றி மறுபடியும் தீர்ப்பு சொல்ல வேண்டி வந்தது. பிரச்சினை இன்னும் முடியலைன்னு இதுக்கு மேல யார் சொல்லணும்?

அதுக்காக எல்லாக் கிணறும் கெட்டதுன்னு அர்த்தமில்லை. ஒரு போரில் நல்ல தண்ணி இருக்கும், அடுத்த தெரு போரில் வாயில் வைக்க முடியாது. அதனால பக்கத்து நிலத்துக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்க: "ஐயா, இந்த இடத்துல ஏன் பயிர் வைக்கிறதை விட்டாங்க?" மழை இல்லாமலா, ஆள் கிடைக்காமலா, தண்ணி கெட்டுப்போயா? புரோஷரில் இல்லாத பதில் அவரிடம் இருக்கும்.

அடுத்தது நம்ம படிப்பு. பக்கத்து போரில் மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலில் தண்ணி பிடிங்க. குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரப்படி கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்கணும். வேற வழியே இல்லைன்னா 2,000 வரைக்கும் விடலாம். ஏஜென்ட் உடனே "ஆர்.ஓ. போட்டா சரியாயிடும் தம்பி" என்பார். குடிக்கிற தண்ணிக்குச் சரி, தளம் போடுற தண்ணிக்கு யார் ஆர்.ஓ. போடுவாங்க? கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணியில் குளோரைடு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாதுன்னு ஐ.எஸ். 456 சொல்லுது. தாண்டினா உள்ளே கம்பி துருப்பிடிச்சு உப்பும், கான்கிரீட் பெயர்ந்து விழும். குளோரைடு, கடினத்தன்மை, சல்பேட் எல்லாம் நம்ம லேபில் செய்ற டெஸ்ட்தான். குரோமியம் மட்டும் கைமீட்டரில் தெரியாது. அதுக்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்குப் போங்க.

பத்திரத்தையும் விட்டுடாதீங்க. "அப்ரூவல் வந்துடும்" என்ற பேச்சை நம்ப வேண்டாம், வந்த ஆணை எண்ணைக் கேளுங்க. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால் ரெரா பதிவு இருக்கணும். 2016 அக்டோபர் 20-க்கு அப்புறம் போட்ட அங்கீகாரமில்லாத மனையை 2017 வரன்முறைத் திட்டம் காப்பாற்றாது. வில்லங்கச் சான்றில் பதிவான பரிமாற்றம் மட்டும்தான் வரும். கோர்ட்டில் நடக்கிற எல்லா வழக்கும் அதில் வராது. அதனால மூலப்பத்திரத்தை வக்கீலிடம் காட்டுங்க. புலப்படத்தை வாங்கி, ஓடையோ ஏரிப் புறம்போக்கோ மனைக்குள்ள வருதான்னு பாருங்க.

"வீடு கட்டி வாடகைக்கு விடலாம்" என்பார்கள். கைக்கணக்கு போடுங்க. மனையும் வீடும் சேர்த்து 40 லட்சம், வாடகை மாசம் 8,000 என்று வைப்போம். வருஷத்துக்கு 96,000, அதாவது 2.4 சதவீதம். வீட்டுக் கடன் வட்டி அதைப் போல மூணு மடங்கு. பத்திரச் செலவு 9 சதவீதம் தனி. விலை ஏறினாத்தான் லாபம். தண்ணி இல்லாத மனை யாரை நம்பி ஏறும்? உண்மையைச் சொன்னா வாங்க ஆள் வராது. மறைச்சு வித்தா இன்னொரு குடும்பத்தின் சேமிப்பு போகும்.

அதனால நம்ம சிவில் துறைக்கு ஒரு கோரிக்கை. மாசம் ஒரு சனிக்கிழமை லேபைத் திறந்து, மனை வாங்கப்போற ஊர்க்காரங்களின் தண்ணியைச் சோதிச்சுக் கொடுப்போம். ரீஏஜென்ட் செலவு அவர்களுடையது, உழைப்பு நம்முடையது. அந்தக் குடும்பங்களுக்கு ஒரு ரிசல்ட் ஷீட் போதும். அதைப் பார்த்த பிறகு வேனில் ஏறலாமா வேண்டாமான்னு அவங்களே முடிவு பண்ணிக்குவாங்க.